இரண்டோடு நின்ற ஹாரன்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். உத்திரமேரூர் பஜாரில் ஸ்பீக்கர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். எனக்குப் பேய் பயம் கிடையாது, ஷாக் பயம் மட்டும்தான். போன ஐப்பசி மழையில் நடந்தது இது. வேறு யாருக்கோ இல்லை, எனக்கே நடந்தது.

சவுண்டு செட் வாடகைக்கு விடும் ஷகீல் அன்று மாலை நனைந்துகொண்டே வந்தான். சென்னையில் செகண்ட் ஹாண்டில் ஒரு ஜோடி வெளிநாட்டு ஸ்பீக்கர் பெட்டி வாங்கியிருந்தான். அதில் ஒன்றின் ஹாரன் யூனிட் ஊமையாகிவிட்டது. பாட்டில் கணீரென்று வரும் சத்தமெல்லாம் அந்த யூனிட்டிலிருந்துதான் வரும்.

"காலைல காவாந்தண்டலத்துல கல்யாணம்ண்ணா. மானத்த காப்பாத்து. நான் போயி மத்ததெல்லாம் கட்டிக்கினு இருக்கேன்."

"வெச்சிட்டுப் போடா. ராத்திரிக்குள்ள ரெடி பண்ணிர்றேன்."

யூனிட்டைப் பிரித்தேன். உள்ளே ஒரு மெல்லிய தகடு, அதைச் சுற்றி முடி மாதிரி ஒரு காயில். காயில் அறுந்திருந்தது. தகட்டை மேஜையில் வைத்து முள் மீட்டரை மாட்டினேன். முள் அசையவில்லை. அறுந்த கம்பியில் எப்படி அசையும்?

புதுத் தகடு எடுக்க அலமாரிப் பக்கம் திரும்பினேன்.

டிக்.

முள் துள்ளி விழுந்தது. கொஞ்சம் விட்டு இன்னொரு முறை. பிறகு நின்றுவிட்டது.

மீட்டரைத் திட்டினேன். பழைய மீட்டர்தான். ஆனால் மறுபடியும்... இரண்டு துள்ளல். அதோடு சரி. மீட்டர் ஒயரைப் பிடுங்கிப் போட்டேன்.

காந்த இடுக்கில் இருந்த தூசியை டேப்பால் ஒற்றி எடுத்து, புதுத் தகட்டைப் பொருத்தினேன். ஆம்ப்ளிஃபயரில் கொடுத்துப் பார்த்தேன். கணீரென்று பாடியது. ஆம்ப்பை அணைத்து ஒயரைக் கழற்றினேன். மணி ஏழு இருபது.

"ஒன்..."

ஆண் குரல். யூனிட்டின் வாயிலிருந்து. ஒயர் என் கையில் இருந்தது.

"டூ..."

மைக் டெஸ்ட். எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்வதுதான். அடுத்து த்ரீ வரும் என்று காத்திருந்தேன்.

வரவில்லை.

போன் அடித்தது. ஷகீல்.

"பாக்ஸ்ல உம்முனு ஒரே இரைச்சல்ண்ணா, பேஜாரு. எர்த் ஒயர கட் பண்ணிட்டேன், நின்னுட்ச்சு. மைக் டெஸ்ட் பண்ணப் போறேன்."

இரைச்சலை நிறுத்த எர்த்தைப் பிடுங்குவது எங்கள் ஆட்களின் கெட்ட பழக்கம். மழை, ஈர மண். மைக் மாட்டும் மிக்சரில் கரண்ட் கசிந்தால் மைக்கைத் தொட்டவன் செத்தான்.

"டேய், மைக்க தொடாத! மெயின ஆஃப் பண்ணு!"

லைன் துண்டாகியிருந்தது.

திரும்பக் கூப்பிட்டேன். ஸ்விட்ச் ஆஃப்.

மேஜையில்...

"ஒன்... டூ..."

பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தேன். அந்த மழையில் எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று இன்றுவரை தெரியாது.

ஷகீல் மேடைக்கு எதிரே சேற்றில் உட்கார்ந்திருந்தான். உயிரோடு. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"டெஸ்டர் வெச்சேன்ண்ணா. எரியுது. மைக்குல கரண்டு கீது."

"நான் கத்துனது கேட்டுச்சா?"

"இல்லண்ணா. பேசிக்கினு இருக்கும்போதே போன் செத்துப்போச்சு." மேடையிலிருந்த, அந்த ஜோடியின் இன்னொரு பெட்டியைக் காட்டினான். "அதுலேர்ந்து வந்துச்சு. 'தொடாத'ன்னு. ஒன் கொரல் இல்ல. யாரோ ஒரு ஆளு."

காலையில் வேறு மிக்சர் வைத்து, எர்த்தைச் சேர்த்து, யூனிட்டை நானே மாட்டினேன். அதற்குள் ஷகீல் பெட்டி விற்றவரிடம் விசாரித்துவிட்டான். சாம்சன் என்ற ஆபரேட்டருடைய பெட்டிகளாம். அதற்கு முந்தின வருஷ மழையில் எர்த்தைப் பிடுங்கிவிட்டு மைக்கை எடுத்திருக்கிறார். ஒன், டூ என்றாராம். அவ்வளவுதான்.

டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு ஷகீல் மைக்கை எடுத்தான்.

"ஒன்... டூ..."

டூவோடு நிறுத்தி என்னைப் பார்த்தான்.

நான் மாட்டிய யூனிட் நிதானமாகச் சொன்னது.

"த்ரீ."