மோர்ச் சாடியில் ஒரு கடற்போர்

பிரெஞ்சுத் தலைநகரில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் நானும் கணவரும் சிறிய சாப்பாட்டுக் கடை நடத்திய காலத்தில், ஒபர்வில்லியே தெருச் சந்தையில் பழைய ஆங்கிலப் பீங்கான் சாடி ஒன்றை வாங்கினேன். அதில் நீல நிறத்தில் கப்பல்கள் வரையப்பட்டிருந்தன. அழகாக இருக்கிறதே என்று மோர் ஊற்றி மேசையில் வைத்தேன்.

மதியம் வழக்கமாக வரும் புதுச்சேரிக்காரர் பிரெஞ்சுக் கடற்படையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கண்ணாடியைப் போட்டுச் சாடியில் இருந்த எழுத்தை வாசித்ததும் அவர் முகம் கறுத்தது.

"என்னம்மா இது? இங்கிலீஷ்காரன் நம்ம கப்பலக் கொளுத்துனதக் கொண்டாடச் செஞ்சது! இந்த மோர நான் குடிக்கணுமா?"

கணவர் சிரித்துவிட்டார். "அது உங்கட கப்பலெண்டால், வெண்டது எங்கட கப்பல் அண்ணை. எங்களை ஆண்டவன் இங்கிலீஸ்காரன்தானே."

அதன்பின் இருவருக்கும் பேச்சு நின்றது. அவர் தினமும் வந்து சாடியைச் சுவர்ப் பக்கம் திருப்புவார். இவர் கப்பல் தெரியும்படி திருப்பி வைப்பார். சிந்திய மோரைத் துடைப்பது நான்.

ஒருநாள் சாப்பிட வந்த பிரெஞ்சுப் பெண் ஒருத்தி, "எவ்வளவு அழகான கப்பல்கள்! உங்கள் ஊர்க் கப்பல்களா?" என்று கேட்டுப் போனில் படம் எடுத்தாள்.

இருவரும் திகைத்து ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"தங்கட நாடு தோத்ததுகூடத் தெரியேல்லை அண்ணை," என்றார் கணவர்.

"பள்ளிக்கூடத்துல என்னதான் சொல்லிக் குடுக்கறாங்களோ!"

இருவரும் நாற்காலிகளை இழுத்துப் போட்டு, அந்தத் தோல்வியை அவளுக்குச் சேர்ந்தே விளக்கத் தொடங்கினார்கள். அவள் தோசை ஆறிப்போனது. நான் இன்னொன்று சுட்டுக் கொடுத்தேன்.