கண்ணாடிப் படகும் ஒரு முடிச்சும்

பிள்ளைகளே, திருகோணமலை இறங்குதுறையில் மூதூர்ப் படகுக்கு ஆள் ஏற்றும் ஒருவரைக் கண்டேன். மெலிந்த, நரைத்த மனிதர். ஏறுகிற எல்லாருடைய லைஃப் ஜக்கெட் முடிச்சையும் இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பார்.

அன்று என் மகள் பயத்தில் ஏற மறுத்தாள். கண்ணாடிப் படகில் கறுத்த ஏரியைக் கடந்த சிறுமியின் ஜெர்மன் கதையைச் சொன்னேன்.

"ஏரி எண்டா பயம், படகு எண்டா துணிவு. அதுதான் உள்ளர்த்தம், பிள்ளை."

அவள் அசையவில்லை.

"அந்தப் பிள்ளைக்கு ஜக்கெட் கட்டிவிட்டது ஆர், தம்பி?" என்று ஆள் ஏற்றும் அந்த மனிதர் கேட்டார்.

"கதையில அப்பிடி ஒருத்தரும் இல்லை."

"அப்ப பயப்பிடாம என்ன செய்வாள்?" என்றபடி மகளுக்கு முடிச்சுப் போட்டு, இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். அவள் ஏறிவிட்டாள்.

இப்போது மகள் அந்தக் கதையில் நரைத்த மனிதர் ஒருவரையும் சேர்த்துச் சொல்கிறாள். அவருக்கு என்ன உள்ளர்த்தம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.