நஜ்லாவின் எண்ணெய்க் குப்பி

ஆலிவ் விளைகிற கூரா வட்டாரத்தில் நஜ்லாவை விருந்துக்கு அழைத்தவர்கள் எல்லாரும் பிறகு தலையில் அடித்துக்கொண்டவர்கள்தான். கல்யாண வீடோ சாவு வீடோ, உட்கார்ந்ததும் கைப்பையிலிருந்து சின்னக் குப்பியை எடுப்பாள். அவர்கள் வைத்த எண்ணெய்க் கிண்ணத்தை முழங்கையால் தள்ளுவாள். தன் ஆலிவ் எண்ணெயைத் தட்டில் ஊற்றி, ரொட்டியைப் பிய்த்து நனைத்து, எள்ளும் காய்ந்த இலையும் புளிப்பும் சேர்த்து இடித்த ஸாத்தர் பொடியில் புரட்டி வாயில் போடுவாள். பொடி மட்டும் அவர்களுடையது. அதிலும் எள் குறைச்சல் என்பாள்.

அவள் நாக்கில் பிழையில்லை. ஊரில் பாதிப் பேர் உதிர்ந்த காயைப் பொறுக்கிச் சாக்கில் கட்டி ஒரு வாரம் போட்டு வைக்கிற சோம்பேறிகள். எண்ணெய் ஊசாமல் என்ன செய்யும்? நஜ்லாவோ, புருஷன் செத்த வருஷம்கூடக் கறுப்பு உடையோடு ஏணியில் ஏறிக் கையால் பறித்து, அன்றைக்கே செக்கில் கொடுத்து ஆட்டினவள். அவள் எண்ணெய் தொண்டையில் கமறும்; நல்ல எண்ணெய் கமறத்தான் வேண்டும். அவள் வாய் அதைவிடக் காட்டம். சிக்கலே அதுதான்.

ஒரே மகன் இலியாஸ். பக்கத்து ஊர் மர்லீனை மூன்று வருஷமாக நேசித்தான். நவம்பரில் பெண் கேட்கக் கிளம்பும்போது வாசலிலேயே மறித்தான்.

"அம்மா, உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன். குப்பி வேண்டாம்."

"அந்த வீட்டு எண்ணெயைத் தின்னு நான் நெஞ்செரிச்சல்ல கெடக்கணுமா?"

"ஒரே ஒரு வாய். எனக்காக."

"சரிடா, கத்தாதே."

அங்கே பேச்செல்லாம் நல்லபடியாகவே முடிந்தது. மர்லீனின் அம்மா ஹிலானே ஒரே ஒரு கிண்ணத்தை நடுவில் வைத்தாள். இரு வீட்டாரும் அதில் தொட்டுச் சாப்பிட்டால் சம்பந்தம் உறுதி. எல்லாரும் நனைத்தார்கள். நஜ்லா குனிந்து முகர்ந்தாள். கைப்பையைத் திறந்தாள்.

இலியாஸின் அம்மா என்று, மகன் பேரைச் சேர்த்து, ஹிலானே நஜ்லாவை மரியாதையாகவே கூப்பிட்டாள். "உம் இலியாஸ், புது எண்ணெய்தான். முந்தாநாள் ஆட்டினது."

"ஆட்டினது முந்தாநாள். காய் எத்தன நாள் சாக்குல நாறிக் கெடந்துச்சு?"

மர்லீன் எழுந்து உள்ளே போய்விட்டாள். ஹிலானே கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"எங்க எண்ணெயே ஒங்களுக்கு ஆகல. எங்க பொண்ணு மட்டும் ஆகுமா? எழுந்திருங்க."

"தப்பிச்சோம்னு நெனச்சுக்கோ" என்றாள் நஜ்லா, காரில்.

மறுநாள் காலை ரொட்டியும் எண்ணெயும் பொடியும் வைத்தாள். இலியாஸ் எண்ணெய்க் கிண்ணத்தை முழங்கையால் தள்ளினான். வெறும் ரொட்டியைத் தண்ணீரில் முக்கித் தின்றுவிட்டு வேலைக்குப் போனான். அடுத்த நாளும் அப்படியே. திட்டினாள், தட்டை உடைத்தாள், அழுதும் பார்த்தாள்.

"உன் எண்ணெயை நீயே வச்சுக்கோ" என்பான். ஒரு மாதமாக அவளிடம் அவன் பேசியது அந்த ஒன்றைத்தான். எண்ணெய் விளைகிற வீட்டில் பிள்ளை வறண்ட ரொட்டி தின்பதைப் பார்க்க அவளால் முடியவில்லை. புருஷன் செத்தபோதுகூட அவள் இவ்வளவு பயந்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்தில் பூசை முடிந்ததும், கைப்பைகூட இல்லாமல் ஹிலானே வீட்டுக்கு நடந்தே போனாள். கதவு பாதி திறந்தது. உள்ளே எண்ணெய் டின்கள் கூரைவரை அடுக்கியிருந்தன.

"ஹிலானே, ஒரு துண்டு ரொட்டி குடு. ஒன் எண்ணெயில தொட்டுச் சாப்பிடத்தான் வந்திருக்கேன்."

ஹிலானே உள்ளே போனாள். திரும்பி வந்து ஒரு முழு ரொட்டியை அவள் கையில் வைத்தாள்.

"மர்லீனுக்குப் போன வாரமே வேற எடத்துல உறுதி பண்ணியாச்சு. ரொட்டி கேட்டீங்க, இந்தாங்க. எண்ணெய்தான் நீங்க கையோட கொண்டு வருவீங்களே."

கதவைச் சாத்திக்கொண்டாள்.