பின்பக்கத் தையல்

எங்கள் அத்தான் வேதமணி கடையில் ஒரு சட்டையைக் கையில் எடுத்தால் முதலில் அதை உள்வெளியாகப் புரட்டுவார். லக்ஷ்மி ரோட்டுக் கடைக்காரனுக்கு முகம் சுருங்கும். என் அக்கா சத்தியவதிக்கு மானம் போகும். அத்தான் அசையமாட்டார். காலருக்குள் என்ன வைத்துத் தைத்திருக்கிறான், அக்குளில் மடித்துத் தைத்தானா இல்லை விட்டுவிட்டானா என்று பார்த்துவிட்டுப் பெரும்பாலும் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

"வெளிப்பக்கம் எல்லாவனும் ஒழுங்காத்தான் தைப்பான்" என்பார்.

ராணுவ அலுவலகத்தில் குமாஸ்தா. அவரிடம் இருந்ததே நான்கு சட்டை, மூன்று பேண்ட், மூன்று முறை அடி மாற்றிய ஒரு ஜோடி பழுப்பு ஷூ. ஆனால் எங்கள் கிறிஸ்தவ சபையில் எந்த மாப்பிள்ளைக்குக் கோட்டு எடுக்கப் போனாலும் அத்தானைக் கூட்டிக்கொண்டுதான் போவார்கள். நான் ஆகுர்டியில் ஸ்கூட்டர் தொழிற்சாலையில் சேர்ந்து முதல் சம்பளத்தில் கால் அகன்ற டெரிலின் பெல்பாட்டம் வாங்கி வந்து காட்டினேன். இரண்டு விரலால் தடவிப் பார்த்து, "நல்ல வாளிதான். தண்ணி ஒழுகாது" என்றார். அந்தக் கோபம் எனக்கு ஒரு மாதம் இருந்தது.

அவருக்குச் சொத்து என்றால் ஒரு கோட்டுதான். கருஞ்சாம்பல் கம்பளி, பஞ்சாப் மில் துணி. துணியை வாங்கி, அதற்கேற்ற தையல்காரர் கிடைக்கும்வரை இரண்டு வருடம் வேப்பிலை போட்டு அலமாரியில் வைத்திருந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசியில் கேம்ப் கடைத்தெருவில் ஒரு கிழவரைப் பிடித்து ஐந்து முறை போட்டுப் பார்த்துத் தைத்து வாங்கினார். கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் மட்டும் வெளியே வரும். அதைப் போட்டுக்கொண்டு உட்காருவதற்கு முன் நாற்காலியைக் குனிந்து பார்ப்பார்.

என் அப்பா சுவிசேஷமுத்துவுக்கு இதெல்லாம் கண்ணில் குத்தும். பாளையங்கோட்டையிலிருந்து இந்த மராத்தி ஊருக்கு வந்து ராணுவ டெப்போவில் முப்பத்தொரு வருடம் மூட்டை தூக்கியவர். காக்கியைத் தவிர வேறு எதையும் அவர் உடம்பில் நான் அதிகம் பார்த்ததில்லை. துணியைத் தடவிக்கொண்டு நிற்கிற ஆளை அவர் ஆம்பளைக் கணக்கிலேயே சேர்க்கமாட்டார். அத்தானுக்கு 'கோட்டு மாப்ள' என்று பெயர் வைத்ததும் அவர்தான். வேடிக்கை என்னவென்றால் இரண்டு பேருக்கும் ஒரே தோள், ஒரே உயரம். அதை யாராவது சொன்னால் இரண்டு பேருக்கும் பிடிக்காது.

அப்பா ஓய்வு பெற்றபோது அத்தான் ஒரு வெள்ளைப் பாப்ளின் சட்டை வாங்கிக் கொடுத்தார். ஒரு வாரம் கடைகடையாக அலைந்து எடுத்த சட்டை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை அத்தான் வெளியே வந்து பார்க்கிறார், அப்பா அந்தச் சட்டையால் சைக்கிள் சங்கிலியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்! நானும் பக்கத்தில்தான் நின்றேன்.

"நல்ல துணி மாப்ள" என்றார் அப்பா, நிமிர்ந்துகூடப் பார்க்காமல். "எண்ணெய நல்லா இழுக்கு."

அத்தான் முகம் சுண்ணாம்பாய் வெளுத்துவிட்டது. அன்றோடு பேச்சு நின்றது. கசார்வாடியில் எங்கள் வரிசைவீட்டுச் சாலில் இரண்டு குடும்பத்துக்கும் அடுத்தடுத்த அறை, நடுவில் ஒற்றைச் சுவர். நான்கு வருடம் ஒருவர் தும்மினால் மற்றவருக்குக் கேட்கும். ஒரு வார்த்தை பேசியதில்லை. எதுவானாலும் அக்கா மூலம்தான்.

எழுபத்தெட்டு பிப்ரவரியில் ஒரு காலை, பால் வாங்கப் பாத்திரத்தோடு வாசலுக்கு வந்த அப்பா அப்படியே சரிந்தார். நான் ஓடிப் போய்த் தூக்குவதற்குள் போய்விட்டார். ஒரு நாள் காய்ச்சலில் படுத்தவர் இல்லை. எனக்கு அழுகைகூட வரவில்லை. யார் எதைச் சொன்னாலும் தலையாட்டிக்கொண்டு நின்றேன்.

எங்கள் சபையில் ஆண்பிள்ளையைக் கோட்டுப் போட்டுத்தான் பெட்டியில் வைப்பார்கள். எவ்வளவு ஏழையானாலும் அது உண்டு. அப்பாவின் கல்யாணக் கோட்டைத் தேடி எடுத்தேன். பூச்சி அரித்து, கையில் எடுத்ததும் உதிர்ந்தது. மணி இரண்டாகிவிட்டது, நாலு மணிக்கு அடக்கம். அத்தான் கல்லறைத் தோட்டத்தில் குழிக்கு ஏற்பாடு செய்யப் போயிருந்தார். நான் நேரே பக்கத்து அறைக்குப் போய் அலமாரியைத் திறந்தேன்.

"ஏல ராஜு, அவியகிட்ட ஒரு வார்த்த கேட்டியால?" என்று அக்கா ஓடி வந்தாள்.

"செத்துக் கெடக்கது ஒனக்கும் அப்பாதானக்கா! கேக்கதுக்கு நேரமா இது?" என்று கத்திவிட்டுக் கோட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

சவப்பெட்டிக் கடையிலிருந்து வந்திருந்த ஆள் அப்பாவின் கையைத் தூக்கிப் பார்த்தான். விறைத்துவிட்டிருந்தது. "பீச்சே ஸே காட்னா படேகா", பின்னாலிருந்து வெட்டணும் என்று சொல்லிப் பையிலிருந்து பெரிய கத்தரியை எடுத்தான். முதுகில் கீழிருந்து மேல்வரை கோட்டைக் கிழித்து, முன்பக்கமாக மாட்டி, இரண்டு பக்கமும் முதுகுக்கு அடியில் செருகிவிடுவார்களாம். எல்லாருக்கும் அப்படித்தானாம். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை சாவு வீட்டுக்குப் போயிருக்கிறேன், கோட்டுக்குப் பின்னால் முதுகு இல்லை என்று எனக்குத் தெரியாது. அவன் கத்தரியை விரித்துவிட்டான்.

"ருக்கோ!"

நிறுத்தச் சொல்லிக்கொண்டு வாசலில் அத்தான். ஷூவெல்லாம் செம்மண். அத்தனை பேரும் அவரையும் கோட்டையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அவர் நேரே வந்து அந்த ஆளின் கையிலிருந்து கோட்டைப் பிடுங்கினார். எனக்கு ரத்தம் தலைக்கேறியது.

"அந்தக் கோட்ட நீங்களே வச்சுக் கும்பிடுங்க அத்தான்! அப்பாவ நாங்க காக்கிச் சட்டையோட அனுப்பிக்கிடுதோம்!"

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "சத்தியா, பிளேடும் ஊசி நூலும் கொண்டா" என்றார். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கோட்டை மடியில் கவிழ்த்துப் போட்டார். "கிழிக்க வேண்டாம்ல. பிரிக்கலாம்."

முதுகின் நடுத் தையலில் பிளேடின் முனையை வைத்து, கீழிருந்து காலர் வரைக்கும் ஒவ்வொரு தையலாகப் பிரித்தார். துணியில் ஒரு கீறல் விழவில்லை. பிறகு நானும் அவரும் அப்பாவின் கைகளைக் கோட்டின் கைக்குள் விட்டு, காலரைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோனோம். கோட்டு அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தது. வந்திருந்த பெண்கள் அதைப் பார்த்துவிட்டு உரக்க அழ ஆரம்பித்தார்கள். முடிந்தது என்று நான் எழுந்தேன்.

"எங்க போற? அவர ஒருச்சாய்ச்சிப் பிடி."

எனக்குப் புரியவில்லை. அவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். நான் அப்பாவைத் தோளில் பிடித்துச் சாய்த்தேன். அத்தான் பின்னால் மண்டியிட்டு, பிரித்த முதுகைத் திரும்பத் தைக்கத் தொடங்கினார். முதலில் உள்துணி, அதன்மேல் கம்பளி. மணி நாலாயிற்று. பாதிரியார் வந்து காத்திருந்தார். நாலரை ஆயிற்று. வெளியே வண்டிக்காரன் மணியடித்தான். அப்பாவின் பாரம் முழுக்க என் கையில். எனக்குத் தோள் நடுங்கியது.

"வேதமணி, மண்ணுக்குள்ள போறதுக்கு எதுக்கு இம்புட்டு?" என்றார் சபையில் மூத்தவரான எட்மண்ட். "பின்பக்கம் யாரு பாக்கப்போறா?"

"அவிய படுத்துக் கெடக்கப் போறது அதுமேலதான" என்றார் அத்தான், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அதற்குப் பிறகு அந்த அறையில் யாரும் மணி பார்க்கவில்லை. அவர் நூலை முடிந்து பல்லால் கடித்தபோது நான் குனிந்து பார்த்தேன். எங்கே பிரித்தார், எங்கே தைத்தார் என்று எனக்குத் தெரியவில்லை. அத்தான் அந்த முதுகை உள்ளங்கையால் ஒரு தடவை நீவிவிட்டார். நான்கு வருடத்தில் அவர் அப்பாவைத் தொட்டது அன்றுதான். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. வந்தது நிற்கவில்லை.

அடக்கம் முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு கல்லறை வாசலில் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"மன்னிச்சிருங்க அத்தான். ஒங்ககிட்ட கேக்காம எடுத்துட்டேன்."

அவர் தன் மறுகையை விரித்துப் பார்த்தார். ஊசி குத்தின இடத்தில் ரத்தம் காய்ந்திருந்தது.

"கேட்டிருந்தா தந்திருக்கவே மாட்டேன் ராஜு" என்றார். "நல்லவேள, நீ கேக்கல."