அணைந்த பெட்டியின் இரைச்சல்

முன்னறையிலிருந்து 'பொத்'தென்று ஒரு சத்தம். தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்த அவள் கால் தானாக நின்றது. ரேடியோப் பெட்டியின் தலையில் அவள் கணவர் உள்ளங்கையால் அறைந்திருக்கிறார். ஊரார் பொருளை அவர் அடித்து அவள் பார்த்ததே இல்லை.

"சனியன் பிடிச்ச இரைச்சல்! எங்கேருந்துதான் வருதோ!"

அந்த இரைச்சல்தான் போன வாரமே போய்விட்டதே! கெட்டுப்போன கெப்பாசிட்டரைக் கழற்றி அவர் புதிது வைத்த அன்றே பெட்டி சுத்தமாகிவிட்டது. அது அவள் காதுக்குத் தெரிந்தது. அவர் காதுக்குத்தான் தெரியவில்லை.

தெரு முழுக்க அவருக்கு 'வால்வு அண்ணன்' என்றுதான் பேர். மேலே ரெக்கார்டு தட்டு, கீழே வால்வு ரேடியோ என்று ஒரே மரப்பெட்டியாக வரும் பழைய செட்டுகளின் நோயை, மூடியைத் திறக்கும் முன்பே காதால் கண்டுபிடித்துவிடுவார். கல்யாணமான புதிதில், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "உன் மெஷின்ல பாபின் லூஸா ஆடுது, பாரு" என்று சொல்லி அவளைத் திகைக்க வைத்தவர். "இந்த வீட்டுல நிம்மதியா முணுமுணுக்கக்கூட முடியாது போல" என்று அவள் சலித்துக்கொள்வாள். இப்போது எதிரில் நின்று சத்தமாகச் சொன்னாலும் பாதி நேரம் "என்ன?" என்கிறார். கேட்டால், "உன் குரல் கம்மிப்போச்சு" என்று பழியை அவள் தலையிலேயே கட்டுகிறார்.

அவள் முன்னறைக்குப் போனாள். பெட்டியின் முதுகு திறந்து கிடந்தது. வால்வுகள் எல்லாம் துணியின் மேல். டயல் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

"எல்லாத்தையும் பிடுங்கிட்டேன். அப்பவும் ம்ம்ம்னு இழுக்குது. டிரான்ஸ்ஃபார்மர்தான் அதிருது. அதை அறுத்து எடுத்துட்டுத் திரும்பக் கம்பி சுத்தணும். டாக்ஸிக்காரத் தம்பி சாயங்காலம் பெட்டியை வாங்க வந்து நிப்பான், மூஞ்சிய எங்க வெச்சுக்கறது?"

கையில் கட்டரை எடுத்துவிட்டார். நல்ல டிரான்ஸ்ஃபார்மர்! கிடைக்காத பொருள். அதை அறுத்துவிட்டால் அந்தப் பெட்டியும் போச்சு, அவர் பேரும் போச்சு. இனியும் வாயை மூடிக்கொண்டிருக்க அவளால் முடியவில்லை.

"பொறுங்க. ஒரே ஒரு வாட்டி காதை வெச்சுக் கேளுங்க."

அவர் கண்ணை மூடி, ஸ்பீக்கர் துணியில் காதை அழுத்தினார். அவள் சுவரோரம் போய், பிளக்கை மெல்லப் பிடுங்கினாள்.

"கேக்குதா?" என்று அங்கிருந்தே உரக்கக் கேட்டாள்.

"கேக்குதே! உனக்குக் கேக்கலயா? காது என்ன செவிடா?"

சொல்லிக்கொண்டே கண்ணைத் திறந்தார். டயல் விளக்கு எரியவில்லை. பிளக் அவள் கையில் தொங்கியது.

அவர் அதையே பார்த்தார். பெட்டியை விட்டு விலகி, இரண்டு உள்ளங்கைகளாலும் காதுகளைப் பொத்திக்கொண்டார். எடுத்தார். மறுபடி பொத்தினார். அப்புறம் சிறுபிள்ளை போல் உதடு பிதுங்கியது.

"எப்பலேருந்து தெரியும்?"

"போன வாரமே."

"சொல்லியிருக்கலாமேடி."

"எந்த வாயால சொல்லுவேன்?" அவர் தலையை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டு அழுதாள்.

வால்வுகளைத் திரும்ப மாட்டி அவர் பெட்டியை மூடிவைத்திருந்தார். சாயங்காலம் டாக்ஸிக்காரன் வந்தான். இறந்துபோன அப்பாவின் ரெக்கார்டு ஒன்றைத் தானே தட்டில் வைத்தான். பாட்டு கிளம்பியதும் அவன் கண் கலங்கிவிட்டது.

"அண்ணே! அப்பா இருக்கறப்ப கேட்ட மாதிரியே இருக்கு!"

"பின்னாடி இரைச்சல் எதுவும்...?"

"துளிகூட இல்லண்ணே!"

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள்.

"சித்தப்பா வீட்டுல இன்னொரு செட்டு தூங்குது. அடுத்த வாரம் தூக்கிட்டு வரவா?"

"அவருக்கு வேலை நெறைய..." என்று அவள் இழுத்தாள். அவர் கையமர்த்தினார்.

"வேண்டாம் தம்பி. எனக்குக் காது போச்சு. வேற ஆளப் பாரு."

"காது போன ஆளு பண்ற வேலையாண்ணே இது? போங்கண்ணே, வெளையாடாதீங்க!" என்று அவன் சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை. அவன் சிரிப்பு பாதியில் நின்றது.

பெட்டியை மார்போடு அணைத்துத் தூக்கி, வாசலில் திரும்பி, "வரேண்ணே" என்றான்.

அவர் அவனுக்கு முதுகைக் காட்டியபடி சால்டரிங் கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

அவன் அவளைப் பார்த்தான். இரண்டாம் முறை சொல்லாமல், சத்தம் வராமல் அடிவைத்துப் படியிறங்கினான். அவள் கதவைச் சாத்தினாள்.