ராகு காலத்தில் நின்ற சரக்கு ரயில்கள்

மகள் வேலைக்குப் போக ஆரம்பித்த வருஷம், சமையலுக்கு ஒத்தாசையாகச் சிதம்பரத்திலிருந்து மஞ்சக்குப்பத்தில் அவள் வீட்டுக்கு வந்தேன். மாப்பிள்ளை தங்கமானவர். இருந்தாலும் எனக்கு அவரிடம் பேசக் கூச்சம். அவர் கூடத்தில் இருந்தால் நான் சமையலறைக் கதவோரம் நிற்பேன். குழம்பு போதுமா என்பதைக்கூட மகளை விட்டுத்தான் கேட்பேன். அவரும் அவளிடம்தான் சொல்லி அனுப்புவார்.

அவர் கம்ப்யூட்டரில் ரயில் விளையாட்டு ஆடுவார். நெல், நிலக்கரி, மரம் என்று சரக்கு வரும். ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகக் கொண்டு சேர்த்தால் நட்சத்திரம் ஏறும். நிறைய சேர்ந்தால் பெரிய எஞ்சின் கிடைக்குமாம். அதற்காக மூன்று வாரமாக உழைத்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் மகள் வந்து, அவர் ஆபீசுக்குப் போன பிறகு வண்டியெல்லாம் சும்மா நிற்கிறதாம், உன்னால் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டாள். நேரம் வந்ததும் பச்சையை அழுத்தினால் வண்டி கிளம்பும். சிவப்பை அழுத்தினால் அந்த வேலை ரத்து. ஐந்தாம் வகுப்புப் படிப்புக்கு அது போதும். உண்மையைச் சொன்னால், இரண்டு நாளில் எனக்கு அது பிடித்தே போய்விட்டது.

வெள்ளிக்கிழமை பத்தே முக்காலுக்கு ஒரு நிலக்கரி வண்டி கிளம்ப வேண்டும். சுவரில் காலண்டரைப் பார்த்தேன். ராகு காலம். வழியில் கவிழ்ந்தால் யார் பதில் சொல்வது? சிவப்பை அழுத்தினேன். நல்ல நேரம் பார்த்து மறுபடி வரும் என்றுதான் நினைத்தேன். அதற்கப்புறம் தினமும் ராகு கால ஒன்றரை மணி நேரத்து வண்டிகளுக்கெல்லாம் சிவப்புதான்.

பத்து நாள் கழித்து ஒரு சாயங்காலம் மாப்பிள்ளை கம்ப்யூட்டர் முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ரத்து செய்த ஒவ்வொரு வேலைக்கும் நட்சத்திரத்தைக் குறைத்திருந்தார்களாம். பெரிய எஞ்சின் எட்டாத தூரத்துக்குப் போய்விட்டது. எனக்குப் பச்சையை அழுத்த மட்டும்தான் தெரியும் என்று எண்ணி, மகள்தான் கை வைத்தாள் என்று நினைத்தார்.

"நான் தொடக்கூட இல்லிங்க."

"அப்ப சரக்கெல்லாம் தானா எறங்கி வீட்டுக்குப் போயிடுச்சா?"

மகள் கண் கலங்கிவிட்டாள். கதவோரம் நின்ற நான் எப்படிக் கூடத்துக்கு வந்தேன் என்று தெரியவில்லை.

"நான்தான் மாப்பிள்ள நிறுத்தினேன். ராகு காலத்துல எப்பிடி அனுப்புறது?"

அவர் என்னைப் பார்த்தார், காலண்டரைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. மகளிடம் மன்னிப்புக் கேட்டார். நாற்காலியை என் பக்கம் நகர்த்திப் போட்டார்.

"உக்காருங்க அத்த. இனிமே அந்த நேரத்துக்கு நான் வேலையே எடுக்கல. மத்தத நீங்க ஓட்டுங்க."

நாற்காலி ஓரத்தில் உட்கார்ந்தேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"எமகண்டமும் பாத்துடலாமா மாப்பிள்ள?"

"அத மட்டும் உட்டுடுங்க அத்த. அப்புறம் வண்டி ஓடவே நேரம் இருக்காது."