என் காலில் கிடந்த செருப்பு

மும்பை தாராவியில் என் செருப்புப் பட்டறைக்கு முன்னால் சின்னதாக ஒரு கடையும் உண்டு. வாங்க வருகிறவர்கள் செருப்பைத் திருப்பி அடியைப் பார்ப்பார்கள் என்பதால், அடித்தோலைத் தேய்த்துத் தேய்த்து முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளப்பாக்கி வைப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

போன மழைக்காலத்தில், வலது கையில் மாவுக்கட்டோடு ஒரு பெண் கடைக்கு வந்தார். என்னிடம் வாங்கிய செருப்பு மான்குர்த் ஸ்டேஷன் படியில் வழுக்கி, விழுந்துவிட்டாராம்.

"மழையில பாத்து நடக்கணும்மா. அதுக்குச் செருப்பு என்ன செய்யும்?" என்றேன்.

அவர் சத்தம் போடவில்லை. என் காலைப் பார்த்தார். "நீங்க மட்டும் ரப்பர் செருப்பு போட்டிருக்கியளே, அண்ணாச்சி?"

குனிந்து பார்த்தேன். ஆமாம். மழை தொடங்கிவிட்டால் நான் செய்த செருப்பை நானே போடுவதில்லை. ஈரத்தில் அது வழுக்கும் என்று எனக்குத் தெரியும். விற்கும்போது மட்டும் சொன்னதில்லை.

"சண்டைக்கு வரல அண்ணாச்சி. அடுத்து வாங்குறவ விழக்கூடாதுல்லா? அதான் வந்தேன்" என்றார்.

அவரை உட்காரவைத்துவிட்டு, அவர் கொண்டுவந்திருந்த அந்தச் செருப்பை வாங்கி, அடியின் பளபளப்பை உப்புத்தாளால் தேய்த்து எடுத்தேன். வரிவரியான ரப்பர் ஷீட்டை வெட்டி ஒட்டி, ஓரம் தைத்தேன். பிறகு வாசல் டைல்ஸில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு அதன்மேல் நடந்தார். பிடிப்பதற்காக நீட்டிய என் கைக்கு வேலை வரவில்லை.

இப்போது என் கடையில் எந்தச் செருப்பின் அடியும் பளபளப்பதில்லை. "என்ன அண்ணாச்சி, அடி சொரசொரன்னு இருக்கு?" என்று கேட்பவர்களிடம் என் காலைக் காட்டுகிறேன். இந்த மழைக்கு நானும் அதைத்தான் போட்டிருக்கிறேன்.